இன்வெர்ட்டர் பேட்டரி நீண்ட நாள் உழைக்க: நெல்லை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் 25 ஆண்டுகளாக வீட்டு இன்வெர்ட்டர்களைப் பொருத்தியும் பழுது பார்த்தும் வருகிறேன். ஐந்து வருடம் உழைக்க வேண்டிய பேட்டரியை இரண்டே வருடத்தில் எடைக்குப் போடத் தூக்கிக்கொண்டு படியிறங்குவது எனக்கு இன்றும் வருத்தம்தான். அப்படித் தூக்கியவற்றில் தயாரிப்புக் குறையால் போனவை மிகச் சில. மற்றவை அரைகுறைச் சார்ஜிலேயே கிடந்து போனவை, தண்ணீர் வற்றிப் போனவை, வெக்கையில் வெந்து போனவை. மூன்றையும் வீட்டில் இருப்பவர்களே தடுத்திருக்க முடியும்.

வீடுதோறும் ஒரே சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டு, அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது. தனியாகச் சொல்லாத இடங்களில், நம் வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் 12 வோல்ட், 150 ஏ.எச். ட்யூபுலர் (உள்ளே குழாய் வடிவத் தகடுகள் கொண்ட) ஈய-ஆசிட் பேட்டரியைப் பற்றியே பேசுகிறேன்.

அண்ணாச்சி, 150 ஏ.எச். என்று எழுதியிருக்கிறதே, அதை வைத்து எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?

ஏ.எச். என்பது ஆம்பியர்-மணி. 150 ஏ.எச். பேட்டரி, 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்று பொருள். அவசரமாக இழுத்தால் அந்த அளவு கிடைக்காது. மிக்சியை இன்வெர்ட்டரில் ஓட்டினால் 50, 60 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும்.

கணக்கு எளிது. 12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி. அதில் பாதியைத்தான் எடுக்கச் சொல்வேன், 900. இன்வெர்ட்டர் தான் தின்பது போக ஏறக்குறைய 750 கையில் கிடைக்கும். பழைய 75 வாட் மின்விசிறி இரண்டும் 9 வாட் பல்பு நான்கும் ஓடினால் 186 வாட். நான்கு மணி நேரம் வரும். அதே விசிறிகளை 30 வாட் எடுக்கும் புது வகைக்கு மாற்றினால் மொத்தம் 96 வாட்தான். ஏறக்குறைய எட்டு மணி நேரம். பெரிய பேட்டரி வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், முதலில் விசிறியை மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முழுப் பேட்டரிக்கும்தானே காசு கொடுத்தோம்? பாதியோடு ஏன் நிறுத்த வேண்டும்?

பேட்டரி கரண்ட் கொடுக்கும்போது உள்ளே இருக்கும் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து, தகடு பழைய நிலைக்கு வரும். ஆழமாக இறக்கி நாள்கணக்கில் அப்படியே போட்டால் அந்தப் படிவு இறுகிப் படிகமாகிவிடும். இறுகியது திரும்பக் கரையாது. அந்த அளவுக்குத் தகட்டின் பரப்பு நிரந்தரமாகப் போயிற்று. சாப்பிட்ட தட்டை உடனே கழுவுவதற்கும் மூன்று நாள் காய விட்டுக் கழுவுவதற்கும் உள்ள வேறுபாடுதான்.

பல இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட் அளவுக்கு வந்த பிறகுதான் தாமாக நிற்கும். அது பேட்டரி அநேகமாகக் காலியான நிலை. அதனால் பீப் சத்தம் வரும்வரை ஓட்டலாம் என்று எண்ண வேண்டாம். என்றாவது ஒருநாள் அப்படி நேர்ந்தால் பாதகமில்லை, வழக்கமாகிவிடக் கூடாது.

கரண்ட் வந்து இரண்டு மணி நேரத்தில் விளக்கு பச்சையாகிவிடுகிறது. சார்ஜ் நிறைந்துவிட்டதுதானே?

பெரும்பாலும் இல்லை. பாதி காலியான 150 ஏ.எச். பேட்டரிக்கு 75 ஆம்பியர்-மணி திரும்ப வேண்டும். இழப்பையும் சேர்த்து 85 என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆம்பியர் ஏற்றும் இன்வெர்ட்டராக இருந்தாலே ஆறு மணி நேரம் ஆகிறது. கடைசிப் பகுதி இன்னும் மெதுவாக ஏறும். மொத்தத்தில் பத்து மணி நேரம் வரை ஆகும்.

அந்தக் கடைசி இரண்டு மூன்று மணி நேரம்தான் பேட்டரிக்கு மருந்து. அப்போது காதைக் கிட்டே வைத்துக் கேட்டால், உலை கொதிக்கத் தொடங்கும் முன் எழும் சத்தம்போல உள்ளே குமிழிகள் சளசளப்பது கேட்கும். ஆசிட் தண்ணீரைவிடக் கனம்; அடியில் போய்த் தங்கிவிடும். ட்யூபுலர் பேட்டரி உயரமாக இருப்பதால் இந்தத் தொல்லை அதில் அதிகம். குமிழிகள் மேலெழும்போதுதான் ஆசிட்டும் தண்ணீரும் கலக்கின்றன. இரவில் படுக்கப் போகும்போது இன்வெர்ட்டரின் மெயின் சுவிட்சை அணைத்துவிடும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

தாமிரபரணித் தண்ணீர்தான் இவ்வளவு இனிப்பாக இருக்கிறதே, அதையே பேட்டரிக்கு ஊற்றினால் என்ன?

இதை என்னிடம் கேட்காத தெரு இல்லை. குடிப்பதற்கு நம் ஆற்றுத் தண்ணீருக்கு ஈடில்லை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் பேட்டரிக்குச் சுவை தெரியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, இரும்பு, குளோரைடு எல்லாம் நமக்கு நல்லது செய்யலாம், தகடுகளுக்கு விஷம். இரும்பு கலந்தால் பேட்டரி சும்மா இருக்கும்போதே சார்ஜை இழக்கும். திசையன்விளை, உவரிப் பக்கத்து உப்பு ஊறிய கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பேட்டரியில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்; உப்பு உள்ளேயே தங்கும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அது சேர்ந்துகொண்டே போகும். கடையில் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒன்றுதான் சரி. புதுப் பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

ஆர்.ஓ. தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர், மழைத்தண்ணீர்?

மூன்றும் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைந்திருக்குமே தவிர, அற்றுப் போயிருக்காது. ஏ.சி. தண்ணீர் செம்பு, அலுமினியத் தகடுகளைத் தழுவித் தூசியோடு வருகிறது. மழைத்தண்ணீர் கூரையைக் கழுவிக்கொண்டு வருகிறது.

எப்போது ஊற்ற வேண்டும், எவ்வளவு ஊற்ற வேண்டும்?

சார்ஜ் முழுதாக ஏறிய பிறகு ஊற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது உள்ளிருக்கும் திரவம் சற்றுப் பெருகும். முன்பே நிரப்பிவிட்டால் பொங்கி வழியும். வழிவது வெறும் தண்ணீர் அன்று, ஆசிட். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரிந்தால், அது மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றிவிட்டுச் சார்ஜில் போடுங்கள். மீதியைப் பிறகு பார்க்கலாம்.

ஒவ்வொரு மூடியிலும் மிதவை இருக்கும். அதிலுள்ள மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம். மூடிக்கு ஒன்றாக உள்ளே ஆறு தனி அறைகள், அதாவது செல்கள், இருக்கின்றன; ஆறு மூடிகளையும் பார்க்க வேண்டும். முன்னால் இருக்கும் இரண்டைப் பார்த்துவிட்டு மற்றவையும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டவர்கள் நிறையப் பேர். பங்குனி முதல் ஆடி வரை மாதம் ஒருமுறை, மற்ற மாதங்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக வற்றினால் அந்தச் செல்லில் கோளாறு, ஆளைக் கூப்பிடுங்கள்.

பேக்கப் குறைந்துவிட்டது. கொஞ்சம் ஆசிட் ஊற்றினால் புத்துயிர் வரும் என்கிறார்களே?

வராது. ஆசிட் ஊற்றினால் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) காட்டும் அடர்த்தி கூடும், அவ்வளவுதான். குறைந்த ஆசிட் எங்கும் போய்விடவில்லை. இரண்டாம் கேள்வியில் சொன்ன சல்பேட்டாகத் தகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலும் ஊற்றினால் அந்தத் தகட்டை அரிக்கத்தான் செய்யும். எப்சம் உப்பு, உயிர் கொடுக்கும் பொடி என்று விற்பவையும் இறுகிய படிகத்தைக் கரைப்பதில்லை. ஆசிட் ஊற்ற வேண்டிய ஒரே நிலை, பேட்டரி கவிழ்ந்து உள்ளிருந்தது கொட்டியபோது. அதையும் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

மாடியில் ஒரு தகரக் கொட்டகை சும்மா கிடக்கிறது. பேட்டரியை அங்கே வைத்துவிடலாமா?

கூடாது. பேட்டரியின் அளவுகள் எல்லாம் 27 டிகிரி வெப்பத்தை வைத்துச் சொல்லப்படுபவை. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டை நிழலிலேயே 38, 40 டிகிரியைத் தொடுகிறது. தகரத்துக்கு அடியில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படாத சுவரோரம், காற்று வந்து போகும் இடமாகப் பாருங்கள். பழைய வீடுகளின் உள்நடை, பட்டாசாலை ஓரம் எல்லாம் அருமையான இடங்கள். படிக்கட்டுக்கு அடியில் வைப்பதாக இருந்தால் கதவு போட்டு அடைக்காதீர்கள். மேலப்பாளையத்தில் ஒரே தெருவில் ஒரே மாதத்தில் இரண்டு வீடுகளுக்கு ஒரே வகைப் பேட்டரி வைத்தேன். அடுப்பங்கரைச் சுவரை ஒட்டி வைத்தது மூன்று வருடத்தில் போயிற்று. நடையில் வைத்தது ஆறாம் வருடமும் ஓடிக்கொண்டிருந்தது.

வெறும் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று எங்கள் தாத்தா சொல்வார்கள். உண்மையா, ஐயா?

தாத்தா காலத்தில் அதில் உண்மை இருந்தது. அன்றைய பெட்டிகள் மரத்தாலும் கடின ரப்பராலும் ஆனவை. ஈரத் தரையில் கசிவு இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டியில் தரைக்கு எதுவும் இறங்காது. ஆனாலும் உயரமான தள்ளுவண்டியில் வைப்பது நல்லது. கழுவிவிடும் தண்ணீரும் மழைவெள்ளமும் எட்டாது.

பூஜை அறைக்குப் பக்கத்தில்தான் இடம் இருக்கிறது. விளக்கு ஏற்றுவதால் ஏதும் ஆபத்து உண்டா?

உண்டு. சார்ஜின் கடைசியில் எழும் குமிழிகளில் ஹைட்ரஜன் இருக்கிறது. காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். காற்றோட்டம் இருந்தால் அந்த அளவு சேராது. அடைத்த அலமாரியில் சேரும். வேறு இடமே இல்லையென்றால் விளக்கிலிருந்து நன்றாகத் தள்ளி, சன்னலோரம் வையுங்கள்.

தண்ணீர் மட்டம் பார்க்கத் தீக்குச்சி, மெழுகுவர்த்தி எதுவும் பிடிக்காதீர்கள். வள்ளியூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கரண்ட் இல்லாத நேரத்தில் மெழுகுவர்த்தியைக் கிட்டே கொண்டுபோயிருக்கிறார்கள். மூடி தெறித்து எதிர்ச்சுவரில் அடித்தது. அந்த அம்மா பேரனைக் கூப்பிட முகத்தைத் திருப்பிய நொடி அது, கண் தப்பியது. டார்ச் போதும்.

டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருக்கிறது. அப்படியே விடலாமா?

விட்டால் இணைப்பு தளர்ந்து சூடாகும். சார்ஜும் சரியாக ஏறாது. இன்வெர்ட்டரை அணைத்து, மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். நுரைத்து அடங்கும். அந்தக் கரைசல் மூடித் துளைக்குள் போகக் கூடாது. துடைத்துக் காயவிட்டு, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். கடற்கரை ஊர்களில் இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.

வேலை செய்யும்போது மோதிரம், காப்பைக் கழற்றி வையுங்கள். நல்ல வேட்டியோடு உட்காராதீர்கள். ஆசிட் துளி பட்டது அன்று தெரியாது. துவைத்துக் காயப்போடும்போதுதான் அந்த இடம் பொத்தலாக நிற்கும். தோலில் பட்டால் உடனே தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள்.

இப்போது கரண்ட்டே அதிகம் போவதில்லை. பிறகு ஏன் பேட்டரி போகிறது?

நல்ல கேள்வி. கூடங்குளத்தின் முதல் அணு உலை மின்தொகுப்பில் இணைந்தது 2013 அக்டோபரில். அதற்கு முந்தைய வருடம் நம் பக்கம் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அன்று பேட்டரிகள் நிறையாமல் பட்டினியில் போயின. இன்றைக்கு மின்வாரியத்தின் மாதாந்தரப் பராமரிப்பு நாளும் ஆடிக்காற்றில் கம்பி உரசும் நேரமும்தான் பேட்டரிக்கு வேலை. மற்ற நாளெல்லாம் சார்ஜிலேயே நிற்கிறது. நின்றாலும் தண்ணீர் மெல்லக் குறைகிறது. வெக்கையில் தகட்டின் உள்கம்பி அரிபடுகிறது. பயன்படுத்தவில்லையே என்று மூடியைத் திறந்தே பார்க்காததால் காய்ந்து போகிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்து, வழக்கமான விசிறி, விளக்குகளோடு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இது பேட்டரிக்கு உடற்பயிற்சி என்று சிலர் சொல்வார்கள். நான் சோதனை என்றுதான் சொல்வேன். மகளின் பரீட்சைக்கு முந்தின இரவு தெரிய வேண்டியது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தெரிந்துவிடும்.

வீட்டைப் பூட்டிவிட்டு மகன் வீட்டுக்கு மூன்று மாதம் போகிறோம். எப்படி விட்டுப் போக?

முழுச் சார்ஜ் ஏற்றி, தண்ணீரை மேல் கோடு வரை நிரப்பி, இன்வெர்ட்டரை அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள். கழற்றாமல் வெறுமனே மெயினை மட்டும் அணைத்தால், இன்வெர்ட்டர் சும்மா நிற்கவே எடுக்கும் சிறு கரண்ட் சில வாரங்களில் பேட்டரியைக் காலியாக்கிவிடும். கழற்றி வைத்தாலும் தானாகவே மாதத்துக்குச் சில விழுக்காடு இறங்கும்; கோடையில் இன்னும் கூடுதல். மூன்று மாதம்தான் எல்லை. அதற்கு மேல் போவதாக இருந்தால், சாவியை வைத்திருக்கும் உறவினரிடம் இடையில் ஒருநாள் முழுக்கச் சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

முழுச் சார்ஜ் ஏறியும் மல்டிமீட்டர் 12.5 வோல்ட்தான் காட்டுகிறது. 12.7 வர வேண்டும் என்று படித்தேன். பேட்டரி போய்விட்டதா?

இல்லை, நன்றாக இருக்கிறது. 12.7 என்பது கார் பேட்டரியின் கணக்கு. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்துக்கொண்டால், கார் பேட்டரியில் ஆசிட்டின் அடர்த்தி 1.280 அளவில் இருக்கும். வீட்டு ட்யூபுலரில் பெரும்பாலும் 1.240 அளவில். அடர்த்தியோடு 0.84 கூட்டி, ஆறு செல்களுக்காக ஆறால் பெருக்குங்கள். 1.240-க்கு 12.5 வருகிறது, 1.280-க்கு 12.7. சார்ஜையும் சுமையையும் நிறுத்தி, சில மணி நேரம் ஓய்ந்த பிறகு அளந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். சார்ஜ் ஏறும்போது 13.8, 14.4 என்று காட்டுவது சார்ஜரின் வோல்ட்.

மல்டிமீட்டரைவிட ஹைட்ரோமீட்டர் உண்மை பேசும், ஏனென்றால் அது ஒவ்வொரு செல்லாகப் பார்க்கிறது. ஐந்து செல் 1.240 காட்டி, ஒன்று மட்டும் 1.200-ல் நின்றால், அந்த ஒன்றுதான் மொத்தப் பேட்டரியையும் இழுத்துக்கொண்டு போகிறது.

எங்களுடையது இரண்டு பேட்டரி இன்வெர்ட்டர். ஒன்று போய்விட்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா, அண்ணே?

வாங்கி ஓராண்டுக்குள் என்றால், அதே வகை, அதே அளவில் மாற்றலாம். மூன்று நான்கு வருடம் ஓடியது என்றால் வேண்டாம். வரிசையாக இணைத்த இரண்டு பேட்டரியிலும் ஒரே கரண்ட்தான் ஓடும். பழையது சீக்கிரம் நிறைந்து கொதித்துத் தண்ணீரை இழக்கும். புதியது நிறையாமலே நிற்கும். ஒரு வருடத்தில் இரண்டையும் மாற்ற வேண்டி வரும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பேட்டரி முங்கிவிட்டது. இனி அப்படி வந்தால் என்ன செய்ய?

முதலில் உயிரைப் பாருங்கள். டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, மின்வாரியம் கரண்டை நிறுத்திவிட்டது என்ற தைரியத்தில் பலர் வீட்டுக்குள் இறங்கினார்கள். மெயின் நின்றாலும் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தால் சுவிட்ச் பெட்டிகளில் 230 வோல்ட் இருக்கும். தண்ணீர் வாசலுக்கு வருகிறது என்று தெரிந்தவுடன் இன்வெர்ட்டரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர் ஏறிய பிறகு அதைத் தொடவே வேண்டாம்.

வெள்ளம் வடிந்ததும் சேற்றுக் கோட்டைப் பாருங்கள். மூடிக்குக் கீழேயே நின்றிருந்தால், வெளியே கழுவிக் காயவிட்டு, செல்களின் அடர்த்தியைப் பார்த்துப் பயன்படுத்தலாம். மூடி முங்கியிருந்தால் சேறும் உப்பும் உள்ளே போயிருக்கும். அந்தப் பேட்டரியைக் காப்பாற்ற நான் எடுத்த முயற்சிகள் எதுவும் நிலைக்கவில்லை.

லித்தியம் பேட்டரி வாங்கினால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லையாமே?

தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, எடை குறைவு, 80 விழுக்காடு வரை இறக்கலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை 2,000 முறைக்கு மேல் ஏறி இறங்கும். நாள்தோறும் பேட்டரியைப் பயன்படுத்துபவர்களுக்கு அது நல்ல முதலீடு. மாதம் ஒருமுறை கரண்ட் போகும் வீட்டுக்கு அவ்வளவு பணம் தேவையா என்று யோசியுங்கள்.

இரண்டு விஷயங்கள். பழைய இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான அமைப்பு இல்லையென்றால் அப்படியே மாட்டக் கூடாது. வெக்கை அதற்கும் பகைதான். ஆனால் பூட்டிய வீட்டில் வைக்கும் முறை நேர் எதிர்: ஈயப் பேட்டரியை நிறைத்து வைக்க வேண்டும்; லித்தியத்தைப் பாதியளவில் வைப்பது நல்லது.

பழைய வேன் ஒன்றில் படுக்கையும் சிறிய குளிர்பெட்டியும் வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறோம். உள்ளே இருக்கும் பேட்டரி ஒரே வருடத்தில் போய்விட்டது. எதனால்?

நான் போய்ப் பார்த்தபோது வீட்டு ட்யூபுலரைத் தூக்கி வண்டியில் வைத்திருந்தார்கள். குலுங்கும் வண்டியில் உயரமான பேட்டரி நிற்காது. ஆசிட் சிந்தும், தகடு அதிரும். வண்டிக்குள் உறங்குபவர்களுக்கு வாயுவும் ஆபத்து. மூடிய ஏ.ஜி.எம். வகை (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாய் உறிஞ்சி வைத்திருப்பது) அல்லது லித்தியம்தான் சரி, அதையும் பட்டை போட்டு இறுகக் கட்ட வேண்டும். என்ஜினைக் கிளப்பும் பேட்டரியோடு நேராக இணைத்திருந்ததும் தவறு. இரவு முழுக்க விசிறி ஓடினால் காலையில் வண்டி கிளம்பாது. என்ஜின் நின்றதும் இரண்டையும் தானாகப் பிரிக்கும் ரிலே அல்லது இதற்கென்றே வரும் டி.சி. சார்ஜர் வேண்டும்.

பெரிய காரணம் வேறு. திருநெல்வேலியிலிருந்து குற்றாலம் சுமார் 60 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேர ஓட்டம். என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அதற்குள் 20 ஆம்பியர் வீதம் ஏற்றினாலும் 30 ஆம்பியர்-மணிதான். சீசனில் இரண்டு நாள் அங்கே தங்கிக் குளிர்பெட்டியை ஓட்டினால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இறங்கும். திரும்பி வந்ததும் வண்டியை நிழலில் நிறுத்தி அடுத்த பயணம் வரை மறந்துவிடுகிறார்கள். மூன்றாம் கேள்வியில் சொன்ன அந்தக் கடைசி இரண்டு மூன்று மணி நேரச் சார்ஜ் அந்தப் பேட்டரிக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. வீட்டுக்கு வந்த அன்றே வயர் இழுத்து இரவு முழுக்கச் சார்ஜரில் போடுங்கள். கூரையில் ஒரு சூரியத் தகடு இருந்தால் இன்னும் நல்லது.

பழைய பேட்டரியை யாரிடம் கொடுக்க? ஆசிட்டைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் எடை குறையும், சுமப்பது எளிது என்கிறார்கள்.

கொட்டவே கூடாது. அந்த ஆசிட்டில் ஈயம் கலந்திருக்கிறது. வீட்டுக் கொல்லையில் ஊற்றினால் கிணற்றுக்குப் போகும். சாக்கடையில் ஊற்றினால் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து வயலுக்குப் போகும். குழந்தைகளின் மூளையை ஈயம் பாதிக்கும். மூடிகளை இறுக்கி, நிமிர்த்தியபடியே, புதுப் பேட்டரி வாங்கும் கடையில் மாற்றுக்குக் கொடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது. தெருவில் வந்து கூடுதல் விலை கேட்பவர், அதை எங்கோ திறந்தவெளியில் உடைத்து ஆசிட்டை மண்ணில் ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் எடுப்பவராக இருக்கலாம்.

கடையில் கொடுக்கும்போது ரசீதில் பழைய பேட்டரியின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். புதியதன் வாரண்டி அட்டையில் அன்றைய தேதியையும் கடை முத்திரையையும் வாங்கி, இன்வெர்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் உறையில் தொங்கவிடுங்கள். தண்ணீர் ஊற்றிய நாட்களையும் அந்த உறையின் மேலேயே குறித்து வரலாம்.